சூப்பர் க்ளூ: மேசையில், மூக்குக்கண்ணாடியில், என் விரலில். எதை முதலில் எடுப்பது?

அரைகுறை_மெக்கானிக்:

இடது கையால் மட்டும் தட்டிக்கொண்டிருக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிடி உடைந்த பீங்கான் கோப்பையை ஒட்டலாம் என்று உட்கார்ந்தேன். ட்யூபின் முனை காய்ந்து அடைத்திருந்தது. ஊசியால் குத்தினேன், வரவில்லை. அழுத்தினேன், அப்போதும் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு அழுத்து அழுத்தியதில் பாதி ட்யூப் ஒரேயடியாகப் பீறிட்டு வந்துவிட்டது.

சேதக் கணக்கு: மர மேசையில் கோட்டுப் பொத்தான் அகலத்துக்கு ஒரு குட்டை, சுற்றி நாலைந்து சொட்டு. கழற்றி வைத்திருந்த மூக்குக்கண்ணாடியின் வலது லென்ஸில் ஒரு சொட்டு. வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றாகிவிட்டன. கோப்பை மட்டும் ஜோராக ஒட்டிக்கொண்டது.

வீட்டில் நெயில் பாலிஷ் ரிமூவர் இருக்கிறது. எல்லாவற்றின் மேலும் ஊற்றிவிடலாமா?

மரத்தூள்:

ஊற்றாதீர்கள். மேசையும் கண்ணாடியும் எங்கும் ஓடிப்போகாது. க்ளூ காய்ந்தாயிற்று, இனி நாளைக்கு எடுத்தாலும் ஒன்றுதான். முதலில் விரலைப் பாருங்கள்.

வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பத்துப் பதினைந்து நிமிடம் கையை வையுங்கள். பிடித்து இழுத்தால் க்ளூ வராது, தோல்தான் வரும். ஊறியபின் இரண்டு விரலையும் ஒன்றின்மேல் ஒன்று உருட்டுங்கள், நடுவில் பென்சில் இருப்பதுபோல நினைத்துக்கொண்டு. ஓரம் விட்டதும் ஸ்பூன் காம்பு மாதிரி மொட்டையான ஒன்றை இடுக்கில் விட்டு மெதுவாக நெம்பலாம். கொஞ்சம் எண்ணெய் விட்டால் இன்னும் எளிது.

அப்புறம் வந்து மூன்று விஷயம் சொல்லுங்கள். மேசையில் என்ன பாலிஷ்? லென்ஸ் கண்ணாடியா, பிளாஸ்டிக்கா? ரிமூவர் பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது?

குறுக்குவழி:

இதற்குப் போய் விசாரணைக் கமிஷனா? பெயின்ட் தின்னரைத் துணியில் நனைத்து ஒரு துடை துடைத்தால் முடிந்தது. எங்கள் குளியலறை டைல்ஸில் கொட்டியதை அப்படித்தான் எடுத்தேன். ஐந்தே நிமிடம், பளபளவென்று ஆகிவிட்டது.

சோதனைக்குழாய்:

குறுக்குவழி நண்பரே, உங்கள் டைல்ஸ் பிழைத்ததற்குக் காரணம் தின்னர் அல்ல, டைல்ஸ். அதன் மேல்பூச்சு சூளையில் உருகி இறுகிய கண்ணாடி. அதை எந்த தின்னரும் ஒன்றும் செய்யாது. அதே துணியால் மர மேசையைத் துடைத்தால் க்ளூ கரைவதற்கு முன்னால் வார்னிஷ் கரையும். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தால் என்னாகும் என்பதை நினைத்தாலே பகீர் என்கிறது.

இன்னொன்று, தின்னர் என்பது ஒரே பொருள் இல்லை. லாக்கர் தின்னர் (மரத்துக்கு அடிக்கும் லாக்கர் பூச்சை இளக்குவது) என்றால் நாலைந்து கரைப்பான்களின் கலவை, அசிட்டோனும் அதில் இருக்கலாம். டர்பன்டைன் வகை என்றால் காய்ந்த சூப்பர் க்ளூவை அது தொடக்கூடச் செய்யாது. மண்ணெண்ணெய், பெட்ரோலும் அப்படித்தான்.

சூப்பர் க்ளூவின் பெயர் சயனோஅக்ரிலேட். மற்றப் பசைகள் பலவும் ஈரம் உலர்ந்து இறுகும், இது ஈரம் பட்டு இறுகும். காற்றிலும் பரப்பிலும் உள்ள துளி ஈரமே போதும், நொடிகளில் சங்கிலி சங்கிலியாகக் கோத்துக்கொண்டு பிளாஸ்டிக்காகிவிடும். விரலில் இவ்வளவு வேகமாகப் பிடிப்பதும் இதனால்தான், தோலில் எப்போதும் ஈரம் உண்டு. அப்படிக் காய்ந்ததை வீட்டில் கிடைப்பவற்றில் உருப்படியாகக் கரைப்பது அசிட்டோன் ஒன்றுதான். கடையில் க்ளூ நீக்கி என்று விற்பவற்றிலும் பலவற்றில் அதுவே இருக்கும்.

ஆனால் அசிட்டோனுக்குக் க்ளூ என்றும் பொருள் என்றும் பேதம் தெரியாது. ஏபிஎஸ், பாலிஸ்டைரீன், அக்ரிலிக், பாலிகார்பனேட் எல்லாம் அதற்குத் தீனி. பொம்மை, டிவி சட்டம், ரிமோட், கீபோர்டு என்று வீட்டில் இருக்கும் கடினமான, பளபளப்பான பிளாஸ்டிக்கில் பெரும்பகுதி இந்தக் கூட்டம்தான். கண்ணாடி, பெயின்ட் அடிக்காத எஃகு, மேல்பூச்சுள்ள பீங்கான், இவற்றில் தைரியமாகப் போடலாம். பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன் டப்பாக்களையும் அசிட்டோன் ஒன்றும் செய்யாது, ஆனால் அங்கே அதற்கு வேலையே இருக்காது. க்ளூ அவற்றில் சரியாகப் பிடிப்பதில்லை, நகத்தால் நெம்பினாலே தகடாக வந்துவிடும். க்ளூ பாட்டிலையே பாலிஎத்திலீனில் செய்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதனால் க்ளூ எதில் கரையும் என்று கேட்பதற்கு முன்னால், க்ளூவுக்கு அடியில் இருப்பது எதில் கரையாது என்று கேளுங்கள்.

அரைகுறை_மெக்கானிக்:

இரண்டு கையும் வந்துவிட்டது! இருபது நிமிடம் ஆனது. உருட்டுவதுதான் வேலை செய்தது. விரல் நுனியில் வெள்ளையாக ஒரு தகடு இன்னும் இருக்கிறது. போன் பூட்டைத் திறக்க விரல் வைத்தால் என்னை யார் என்று கேட்கிறது.

ரிமூவர் பாட்டிலில் கொட்டை எழுத்தில் ‘அசிட்டோன் இல்லாதது’. லென்ஸ் பிளாஸ்டிக்தான். மேசைக்கு என்ன பாலிஷ் என்று தெரியவில்லை, பழைய மேசை, பளபளப்பாக இருக்கும்.

மரத்தூள்:

விரலில் உள்ள தகட்டை விட்டுவிடுங்கள். தோல் தானாக உரியும்போது இரண்டு மூன்று நாளில் அதுவும் போய்விடும். பல்லால் கடித்து இழுக்க வேண்டாம் (எல்லோரும் செய்வோம், அதனால்தான் சொல்கிறேன்).

சோதனைக்குழாய்:

அசிட்டோன் இல்லாத ரிமூவரில் பெரும்பாலும் எத்தில் அசிட்டேட் இருக்கும். க்ளூவிடம் அது கொஞ்சம் சோப்ளாங்கி, வார்னிஷிடம் மட்டும் வீரம் காட்டும். உங்கள் நிலைமைக்கு இரண்டு வகையிலும் உதவாது. எடுத்து உள்ளே வையுங்கள்.

பூதக்கண்ணாடி:

கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். இந்தச் சொட்டோடு மாதத்துக்கு ஓரிருவராவது வருவார்கள், அவர்களில் பாதிப் பேர் முதல் நாள் இரவே ரிமூவரால் துடைத்துவிட்டு வருவார்கள்.

பிளாஸ்டிக் லென்ஸில் பல ரகம். சிஆர்-39 என்பது அசிட்டோனைத் தாங்கும். பாலிகார்பனேட் தாங்காது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே புகை படிந்தாற்போல மங்கிவிடும். உங்களுடையது எது என்று வெறும் கண்ணால் சொல்ல முடியாது. சிஆர்-39 என்றே வைத்துக்கொண்டாலும் மேலே கீறல் தாங்கும் பூச்சு, பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சு என்று அடுக்கு இருக்கும். க்ளூ பிடித்திருப்பது லென்ஸை அல்ல, அந்தப் பூச்சை.

சட்டத்தையும் (ஃபிரேம்) மறக்காதீர்கள். தடித்த, ஆமையோட்டு நிறச் சட்டம் என்றால் அது அசிட்டேட் என்ற பிளாஸ்டிக்காக இருக்கலாம், அசிட்டோன் பட்டால் களிமண்போல இளகும். ஒருவர் கொண்டுவந்த சட்டத்தில் அவருடைய கைரேகை வரிவரியாகப் பதிந்திருந்தது. திருப்பிக் கொடுக்கும்போது எனக்கே கை கூசியது.

செய்யக்கூடியது இவ்வளவுதான். வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், அதில் அரைமணி நேரம் ஊறட்டும். கொதிக்கும் தண்ணீர் கூடாது, பூச்சு சிலந்தி வலை மாதிரி வெடித்துவிடும். எடுத்து, சொட்டின் ஓரத்தில் விரல் நகத்தை வைத்துத் தள்ளிப் பாருங்கள். கத்தி, பிளேடு, பற்பசை எதுவும் வேண்டாம். வரவில்லையென்றால் திரும்ப ஊறவையுங்கள். மூன்று தடவைக்கு மேலும் வரவில்லையென்றால் கடைக்குப் போங்கள். சொட்டு பார்வைக்கு நேராக இருந்தால் பெரும்பாலும் லென்ஸ் மாற்றுவதில்தான் முடியும். சும்மா ஆறுதல் சொல்லி என்ன பயன்?

மரத்தூள்:

இப்போது மேசை.

முதலில் என்ன பாலிஷ் என்று பார்த்துவிடலாம். மேசையின் அடிப்பக்கத்திலோ காலின் உட்புறத்திலோ, மேல்பகுதியில் போட்ட அதே பாலிஷ் இருக்கும் இடமாகத் தேடுங்கள். காட்டன் பட்டில் ஸ்பிரிட் தொட்டு அங்கே வைத்து அரை நிமிடம் கழித்துத் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுத்தால் அரக்குப் பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் லாக்கர் தின்னருக்கு இளகினால் லாக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் பாலியூரித்தேன் மாதிரி ஒன்று. எதுவாக இருந்தாலும் அசிட்டோனை ஊற வைக்க வேண்டாம். கடைசியாகச் சொன்னது கொஞ்ச நேரம் தாங்கும், ஆனால் அந்தக் கொஞ்ச நேரம் எவ்வளவு என்பதை உங்கள் மேசையில் கண்டுபிடிக்க வேண்டாமே.

சின்னச் சொட்டுகளுக்கு ஹேர் டிரையர். சாதாரண சூப்பர் க்ளூ 80 டிகிரி செல்சியஸ் வாக்கில் பிடி தளரும். டிரையரை ஒரே இடத்தில் பிடிக்காமல் ஆட்டி ஆட்டிச் சூடேற்றி, பழைய பிளாஸ்டிக் அட்டையின் மூலையால் ஓரத்திலிருந்து தள்ளுங்கள். அரக்குப் பாலிஷ் என்றால் சூடும் ஆகாது, வெளுத்துவிடும். அப்போது எண்ணெய் தடவி ஒரு இரவு விட்டுவிட்டு அட்டையால் மட்டும் முயலுங்கள். எண்ணெய் க்ளூவைக் கரைக்காது, விளிம்பு எங்காவது விட்டிருந்தால் உள்ளே புகுந்து தூக்கிக் கொடுக்கும், அவ்வளவே.

பெரிய குட்டை அப்படிப் பெயராது, பெயர்ந்தால் பாலிஷையும் கூட்டிக்கொண்டு வரும். அதைச் சீவித்தான் இறக்க வேண்டும். ஒரு முழு பிளேடை எடுங்கள். அதன் ஓரத்தில் இரண்டு முனையிலும் செல்லோ டேப்பை ஒரு சுற்றுச் சுற்றுங்கள், நடுவில் மட்டும் கூர் தெரியும்படி. இப்போது டேப் சுற்றிய முனைகள் மேசையில் சறுக்கும், நடுவில் உள்ள கூர் டேப்பின் கனத்துக்கு மேலே நின்று க்ளூவை மட்டும் தொடும். பிளேடைக் கிட்டத்தட்ட நிமிர்த்திப் பிடித்து உங்கள் பக்கமாக இழுங்கள். அழுத்த வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளைத் தூள் வரும். தூள் வருவது நின்றால் டேப் கனம் மட்டும்தான் மிச்சம் என்று அர்த்தம். அந்த மிச்சத்தை 600 நம்பர் உப்புத்தாள், பிறகு 1000, தண்ணீரில் நனைத்து, ஒரு சின்ன ரப்பர் துண்டில் சுற்றி, க்ளூ மேல் மட்டும் தேய்க்க வேண்டும். தேய்த்த இடம் மங்கலாகத்தான் தெரியும். மெழுகோ பாலிஷிங் பேஸ்ட்டோ போட்டால் பாதி மீளும்.

குறுக்குவழி:

ஒரு சொட்டு க்ளூவுக்குத் தச்சுப் பட்டறையே போட வேண்டும் போலிருக்கிறது. சரி, தின்னர் விஷயத்தில் தோற்றேன். ஃப்ரீசரில் வைத்தால் கழன்றுவிடும் என்கிறார்களே, அதுவாவது உண்மையா?

சோதனைக்குழாய்:

அது உண்மைதான், ஆனால் மேசை ஃப்ரீசருக்குள் போகாது. குளிரில் க்ளூ இன்னும் நொறுங்கும் தன்மை அடையும். உலோகப் பொருளில் ஒட்டியிருந்தால் சில மணி நேரம் உள்ளே வைத்து எடுத்து, பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினால் பல நேரம் தெறித்துவிடும். பக்கவாட்டில் என்பது முக்கியம். நேராக இழுத்தால் யானையைக்கூடத் தாங்கும், தட்டினாலோ உரித்தாலோ திருகினாலோ அது நோஞ்சான்.

இரவுப்பட்சி:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். போன வாரம் பருத்திச் சட்டையில் கொஞ்சம் அதிகமாகவே க்ளூ சிந்தியது. சட்டையிலிருந்து மெல்லிசாகப் புகை வந்தது, தொடையில் சுருக்கென்று சுட்டது. சொன்னால் வீட்டில் யாரும் நம்பவில்லை. நான் மட்டும்தான் இப்படியா?

சோதனைக்குழாய்:

நம்பாதவர்களிடம் இதைக் காட்டுங்கள். பருத்தி, கம்பளி இரண்டிலும் ஏராளமான இழை, அதில் ஏராளமான ஈரம். க்ளூ சட்டென்று பரவி எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் இறுகும். இறுகும்போது வெளிவரும் சூடு மொத்தமாக வருவதால் தோல் பொசுங்கும் அளவுக்குப் போகும். பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு சூப்பர் க்ளூவைத் தொடாதே என்று சொல்வதும், சிந்தியதைப் பஞ்சால் ஒற்றாதே என்று சொல்வதும் இதற்காகத்தான். அடுத்த தடவை நடந்தால் குளிர்ந்த தண்ணீரை உடனே மேலே ஊற்றுங்கள். துணி தோலோடு ஒட்டியிருந்தால் பிய்க்க வேண்டாம்.

சட்டையைக் காப்பாற்ற ஆசை இருந்தால்: முழுதாகக் காய்ந்தபின் ஃப்ரீசரில் வைத்து, எடுத்து மடக்கி நொறுக்குங்கள். மேல் தகடு உதிரும். இழைக்குள் போனதற்கு அசிட்டோன். துணியைக் கவிழ்த்து, அடியில் பழந்துணி வைத்து, பின்பக்கத்திலிருந்து ஒற்றி எடுக்க வேண்டும். முன்னதாகத் தையல் மடிப்பில் ஒரு சொட்டு விட்டுச் சாயம் போகிறதா என்று பாருங்கள். லேபிளில் அசிட்டேட், டிரைஅசிட்டேட் என்று இருந்தால் தொடவே வேண்டாம், அந்த இடத்தில் துணியே கெட்டுவிடும்.

சாவிக்கொத்து:

என் பங்குக்கு ஒன்று. யாரோ குறும்புக்குப் பூட்டின் சாவித் துவாரத்தில் க்ளூ விட்டிருக்கிறார்கள். சாவி பாதிதான் போகிறது. லைட்டரால் சூடு காட்டலாமா?

மரத்தூள்:

லைட்டரைக் கீழே வையுங்கள். சூடான க்ளூவிலிருந்து வரும் ஆவி கண்ணையும் தொண்டையையும் பிடுங்கும். ஏற்கெனவே அசிட்டோன் விட்டிருந்தால் நேராகத் தீதான்.

சொட்டுக் குழாயால் அசிட்டோனை உள்ளே நாலு சொட்டு விடுங்கள். ஐந்து நிமிடம் கழித்து மெல்லிய கம்பியால் கிளறுங்கள். திரும்ப விடுங்கள். பத்துத் தடவையாவது ஆகும், ஒரே தடவையில் வராததால் கைவிடுகிறவர்கள்தான் அதிகம். கதவுப் பெயின்டில் வழியாமல் கீழே துணி கட்டிக்கொள்ளுங்கள். சாவியை வன்மையாகத் திருகாதீர்கள், உள்ளே முறிந்தால் ஒரு தொல்லை இரண்டாகும். திறந்தபிறகு பூட்டுக்கான எண்ணெய் விடுங்கள், இருந்த மசகை எல்லாம் அசிட்டோன் கழுவிக்கொண்டு போயிருக்கும்.

சோதனைக்குழாய்:

அசிட்டோன் வாங்கப் போகிறவர்களுக்காக. அதன் ஆவி –20 டிகிரியிலேயே பற்றக்கூடியது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்பும் ஊதுபத்தியும் பக்கத்தில் இருக்கக் கூடாது. மேலே சொன்ன ஹேர் டிரையர் வழியையும் அசிட்டோனையும் கலக்கவே கலக்காதீர்கள், ஏதாவது ஒன்று. துடைத்த இடத்தில் ப்ளீச் ஊற்றவும் வேண்டாம், இரண்டும் சேர்ந்தால் குளோரோஃபார்ம் உண்டாகும்.

சீக்கிரம் ஆவியாகிவிடுகிறது என்று அலுத்துக்கொள்பவர்கள், நனைத்த பஞ்சைக் காய்ந்த க்ளூவின் மேல் வைத்து அதை அலுமினியத் தாளால் மூடிவையுங்கள். பத்து நிமிடத்தில் ஜெல்லி மாதிரி ஆகியிருக்கும். அப்போது சுரண்ட வேண்டும். விட்டுவிட்டால் திரும்ப இறுகும்.

மூன்றாம்_மாடி:

மரத்தூள் அண்ணா, சோதனைக்குழாய், யாராவது உடனே சொல்லுங்கள். அக்கா மகன் க்ளூ கையோடு கண்ணைக் கசக்கிவிட்டான். இமை ஓரம் ஒட்டியிருக்கிறது. அழுகிறான். எண்ணெய் விட்டுப் பிரிக்கலாமா?

பூதக்கண்ணாடி:

எதையும் விட்டுப் பிரிக்காதீர்கள். வெதுவெதுப்பான சுத்தத் தண்ணீரால் மெதுவாகக் கழுவி, ஈரத் துணியை மேலே லேசாக வைத்து, இப்போதே கண் மருத்துவரிடம் கிளம்புங்கள். அசிட்டோன், ரிமூவர் எதுவும் முகத்துப் பக்கமே வரக் கூடாது. இமை ஒட்டியிருப்பது தானாகவும் சில நாளில் விடும், பயப்பட வேண்டாம். ஆனால் உள்ளே க்ளூத் துணுக்கு கருவிழியைக் கீறிக்கொண்டிருக்கிறதா என்பதை அவர்கள்தான் பார்க்க வேண்டும். படித்துக்கொண்டிருக்காமல் கிளம்புங்கள்.

மூன்றாம்_மாடி:

போய் வந்தோம். இமை முடி மட்டும்தான். மருத்துவர் நனைத்து நனைத்து எடுத்தார், நாலு முடி போயிற்று. கண்ணுக்கு ஒன்றுமில்லை, சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார். பையன் தூங்குகிறான். நன்றி.

குறுக்குவழி:

அப்பாடா.

எனக்கு ஒரு சந்தேகம். இவ்வளவு கெட்டியான க்ளூ, ஒட்டின கோப்பைப் பிடி மட்டும் ஆறு மாதத்தில் ஏன் கழன்றுவிடுகிறது? எங்கள் வீட்டில் மூன்று கோப்பை அப்படி.

சோதனைக்குழாய்:

நல்ல கேள்வி. சூடும் தண்ணீரும் திரும்பத் திரும்பப் பட்டால் அதன் பிடி தளர்ந்துகொண்டே போகும். இறுகுவதற்கு ஈரம் வேண்டும், இறுகியபின் ஈரமே எதிரி. கோப்பைக்கு இரண்டு பாகம் கலந்து போடும் எபாக்சிதான் சரி. அதிலும் கைப்பிடியை நம்பிச் சூடானதை நிறைக்காமல் இருப்பது உத்தமம்.

எப்படியும் இது ஒட்டுவதற்காகத் தேடிக் கண்டுபிடித்த பொருள் இல்லை. 1942-ல் கோடாக் நிறுவனத்தில் ஹாரி கூவர் துப்பாக்கிக் குறிபார்க்கும் கருவிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடினார். இது தொட்டதிலெல்லாம் ஒட்டிக்கொண்டு உயிரை வாங்குகிறது என்று ஒதுக்கிவிட்டார். 1951-ல் அவருடன் வேலை செய்த ஃபிரெட் ஜாய்னர் ஒளிவிலகலை அளக்கும் கருவியின் இரண்டு பட்டகங்களுக்கு நடுவே இதைத் தடவினார். அளந்து முடித்தபின் பட்டகங்களைப் பிரிக்க முடியவில்லை. அப்போதுதான் இதைப் பசையாகவே விற்கலாமே என்று தோன்றியது, 1958-ல் விற்பனைக்கு வந்தது. அரைகுறை மெக்கானிக் மேசையில் நடந்ததுதான் ஆய்வகத்திலும் நடந்தது.

அரைகுறை_மெக்கானிக்:

எல்லோருக்கும் நன்றி. நிலவரம் சொல்கிறேன்.

மேசை: அடியில் சோதித்தேன், ஸ்பிரிட்டுக்கும் தின்னருக்கும் அசையவில்லை. சொட்டுகள் நாலும் டிரையர் சூட்டில் வந்துவிட்டன. ஒன்று மட்டும் எள் அளவு வார்னிஷைக் கூட்டிக்கொண்டு போனது. குட்டையை டேப் சுற்றிய பிளேடால் சீவினேன், முக்கால் மணி நேரம். நடுவில் ஒரு தடவை பொறுமை இழந்து சாய்த்து அழுத்தினேன், ஒரு கோடு விழுந்துவிட்டது. உப்புத்தாள், மெழுகு எல்லாம் ஆயிற்று. நேராகப் பார்த்தால் தெரியாது. ஜன்னல் வெளிச்சம் சாய்ந்து விழும்போது வட்டமாக ஒரு மங்கல் தெரிகிறது. அதன்மேல் பூச்சாடியை வைத்துவிட்டேன்.

லென்ஸ்: இரண்டாவது ஊறலில் நகத்துக்கு வந்தது. ஆனால் க்ளூ இருந்த இடத்தில் பூச்சும் சேர்ந்து வந்துவிட்டது. பூதக்கண்ணாடி சொன்னதுதான். ஓரத்தில் இருப்பதால் படிக்கத் தொந்தரவில்லை, இரவில் விளக்கைப் பார்த்தால் மட்டும் அந்த இடத்தில் ஒரு நீலப் பொட்டு.

இன்னொரு செய்தி. நன்றாக ஒட்டியது என்று சொன்னேனே, அந்தக் கோப்பையை இன்றுதான் கையில் எடுத்துப் பார்த்தேன். பிடி ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டிருக்கிறது. அவசரத்தில் கவனிக்கவில்லை. கழற்றித் திரும்ப ஒட்ட முடியுமா?

மரத்தூள்:

முடியும். பாத்திரத்தில் வெதுவெதுப்பான தண்ணீரில் கோப்பையை முழுக வைத்து, அதோடு சேர்த்தே மெல்லச் சூடேற்றிக் கொஞ்ச நேரம் கொதிக்கவிடுங்கள். சில்லென்ற கோப்பையைக் கொதிநீரில் போட்டால் விரிசல் விடும். அடுப்பை அணைத்து, கைப்பிடியைத் துணியால் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். கழன்றபின் இரண்டு முனையிலும் மிச்சமிருப்பதை, தண்ணீர் நன்றாக உலர்ந்த பிறகு, அசிட்டோனால் எடுங்கள். பீங்கான்தானே, இங்கே தாராளமாகப் போடலாம்.

குறுக்குவழி:

தின்னரும் போடலாம்.

மரத்தூள்:

லாக்கர் தின்னரென்றால் போடலாம். ஆனால் இந்தத் தடவை அந்த மேசையில் வைத்துச் செய்ய வேண்டாம்.

அரைகுறை_மெக்கானிக்:

கழன்றுவிட்டது. எபாக்சி கலந்து ஒட்டி, பிடி நேராக இருக்கிறதா என்று மூன்று பேரிடம் காட்டியாயிற்று. இப்போது கோப்பை வாசல் திண்ணையில், செய்தித்தாள் மேல், நாளைக் காலை வரை யாரும் தொடக் கூடாது என்ற சீட்டோடு உட்கார்ந்திருக்கிறது.